ஒரு மொழியானால் இரு நாடு என்று எச்சரித்தவர் எழுதிய அரசமைப்பு

புதிய அரசமைப்பு ஒன்றைக் கொண்டுவருவோம் என்று சொல்லித்தான் தேசிய மக்கள் சக்தி 2024 இல் வாக்குக் கேட்டது. 2015 இல் தொடங்கி நடுவழியில் நின்றுபோன அரசமைப்பு வேலையை முடித்துவைப்பது, மாகாண சபைத் தேர்தல்களை ஒரு வருடத்துக்குள் நடத்துவது ஆகிய இரண்டும் அதன் கொள்கைப் பிரகடனத்தில் எழுத்தில் உள்ளவை. நவம்பர் 14 இல் மக்கள் அந்தக் கட்சிக்கு 225 ஆசனங்களில் 159 ஐக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணமும் வன்னியும்கூட அதை முதலிடத்தில் வைத்தன. நாட்டிலேயே மட்டக்களப்பு மாவட்டம் மட்டும் வைக்கவில்லை. இங்கே தமிழரசுக் கட்சிக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று.

அந்த முடிவு சரியா பிழையா என்ற வாதம் ஓட்டமாவடிக் கடைத்தெருவில் இன்றைக்கும் ஓயவில்லை. இடதுசாரிகள் இனவாதம் பேசாதவர்கள், அவர்களோடு நின்றிருக்க வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இடதுசாரிகளை நாங்கள் முன்னரும் பார்த்திருக்கிறோம் என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் அவர்கள் வாயில் முதலில் வருகிற பெயர் கொல்வின் ஆர்.டி.சில்வா. இளைஞர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்துபோகிற பெயர் அது. புதிய அரசமைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அந்த ஒரு வரியை விரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். இலங்கையில் ஓர் இடதுசாரி அமைச்சர் மூன்றில் இரண்டு பெரும்பான்மையைப் பின்னால் வைத்துக்கொண்டு அரசமைப்பு எழுதியது ஏற்கனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

கொல்வின் 1907 இல் பலப்பிட்டியப் பக்கத்தில் பிறந்தவர். லண்டனில் வரலாறு படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிரித்தானியர் இலங்கையைப் பிடித்து ஆண்ட முதல் நாற்பது வருடங்களைப் பற்றிய அவருடைய ஆய்வை வரலாற்று மாணவர்கள் நெடுங்காலம் படித்தார்கள். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். தொழிலால் குற்றவியல் சட்டத்தரணி. மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிரிக்கெட் வீரர் சதாசிவத்தை 1953 இல் விடுவித்துக் கொடுத்த வழக்கு ஒன்றுக்காகவே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கதைக்கு அதைவிட முக்கியமானது வேறொரு வழக்கு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதை விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக எழுந்து நின்றவர் கொல்வின். அதே வருடம் பிரித்தானிய அரசு அவரையும் என்.எம்.பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மன்ட் சமரக்கொடி ஆகியோரையும் சிறையில் அடைத்தது. 1942 ஏப்ரலில் அவர்கள் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினார்கள். கொல்வின் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்ச் சுதந்திரப் போராட்டத்தில் மறைந்திருந்து வேலை செய்தார்.

இப்படிப்பட்ட ஒருவரை வெறும் சந்தர்ப்பவாதி என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. முடித்துவிட்டால் அவருடைய வாழ்க்கையிலிருந்து நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தெரியாமலே போய்விடும்.

1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இடதுசாரிகள் எதிர்த்தார்கள். மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1949 இல் வாக்குரிமையும் போனது. அந்த அடியில் இடதுசாரிகளும் அடிபட்டார்கள் என்பதை நாங்கள் பெரிதாகப் பேசுவதில்லை. தோட்டத் தொழிலாளரின் வாக்கு 1947 இல் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அது ஒரே சட்டத்தில் அழிந்தது. அதற்குப் பிறகு சமசமாஜக் கட்சி வெல்ல வேண்டுமானால் தென்மேற்கின் சிங்கள வாக்காளரிடமே போக வேண்டும். பின்னால் நடந்தவை பலவற்றுக்கும் இந்தக் கணக்குத்தான் அடி.

ஆனாலும் 1956 இல் அவர்கள் பணியவில்லை. சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து என்று கேட்டதற்காக 1955 ஒக்டோபரில் கொழும்பு நகர மண்டபத்தில் நடந்த அவர்களுடைய கூட்டத்தைக் காடையர் தாக்கினார்கள். பிலிப் குணவர்தன பண்டாரநாயக்கவோடு போய்விட்டார். என்.எம்., கொல்வின், லெஸ்லி குணவர்தன ஆகியோர் போகவில்லை. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்ட விவாதத்தில் கொல்வின் பேசிய பேச்சு தமிழர் வீடுகளில் இன்றைக்கும் வாழ்கிறது. இரண்டு மொழியென்றால் ஒரு நாடு, ஒரு மொழியென்றால் இரண்டு நாடு என்பது அதன் சாரம். ஒரு சின்ன நாட்டிலிருந்து இரத்தம் வடிகிற இரண்டு துண்டுகள் வரக்கூடும் என்றும் அன்று எச்சரித்தார். அதே மாதம் கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டார்கள். சட்டம் நிறைவேறியது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம். இந்த இலக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருமுறை வரும்.

என் வாப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். அந்த ஆலையும் 1956 இல் தொடங்கியதுதான். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வேலைநேரத்தில் நின்ற இடம். போர் தொடங்கிய பிறகு அது எப்படியெல்லாம் ஆனது என்பது வேறு கதை. வாப்பா அரசியல் பேசுகிறவர் அல்லர். கொல்வினின் பெயர் வானொலியில் வந்தால் மட்டும் ஒன்று சொல்வார்: "அந்தாள்ர வாய் எங்கட பக்கம் மனே, பேனை மத்தப் பக்கம்." சிறுவனாக இருந்தபோது எனக்கு அது விளங்கவில்லை.

வாய்க்கும் பேனைக்கும் இடையில் பதினாறு வருடங்கள். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. 1960 மார்ச் தேர்தலில் சமசமாஜக் கட்சி தனித்து ஆட்சியமைப்போம் என்று இறங்கிப் பத்து ஆசனங்களோடு திரும்பியது. 1956 இல் கிடைத்த பதினான்கைவிடக் குறைவு. கொள்கையோடு நின்றால் எதிர்க்கட்சியிலேயே கிழடாகிவிடுவோம் என்ற பயம் அதற்குப் பிறகு கட்சிக்குள் பிடித்தது. 1964 ஜூனில் என்.எம். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் நிதி அமைச்சரானார். எதிர்த்தவர்கள் பிரிந்து போனார்கள். நான்காம் அகிலம் கட்சியை வெளியே தள்ளியது. கொல்வின் அந்தக் கூட்டில் முழுமனதோடு இருக்கவில்லை. இடதுசாரிகள் எல்லோரும் ஒன்றாகவே அரசில் சேர வேண்டும் என்ற பக்கத்தில் நின்றார். ஆனால் பிரிந்து போனவர்களோடு போகவில்லை. கட்சியோடு இருந்தார்.

1966 ஜனவரி 8 இல் நடந்ததை நான் 1972 ஐவிட மோசமானதாகக் கருதுகிறேன். 1958 இன் தமிழ் மொழிச் சட்டத்தை நடைமுறைப்படுத்த டட்லி சேனாநாயக்க ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தார். பெரிய உரிமை எதுவும் இல்லை. வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், தமிழில் அரசோடு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். அதை எதிர்த்துச் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் வீதிக்கு வந்தன. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்பது அன்றைய கோஷங்களில் ஒன்று. பொலிஸ் சுட்டதில் ஒரு பிக்கு இறந்தார். பத்து வருடங்களுக்கு முன் சம அந்தஸ்து கேட்டு அடிவாங்கிய கட்சி, தமிழில் கடிதம் எழுதுவதற்கு எதிராக ஊர்வலம் போனது. 1972 இல் அரசமைப்பு எழுதும் பொறுப்பு இருந்தது, கூட்டாளிகளின் நெருக்குதல் இருந்தது என்று சொல்லலாம். 1966 இல் அவர்கள் எதிர்க்கட்சியில் இருந்தார்கள். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

1970 மே தேர்தலில் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116 ஐ வென்றது. அதில் சமசமாஜக் கட்சிக்கு 19. கொல்வின் பெருந்தோட்டத்துறை அமைச்சரும் அரசமைப்பு விவகார அமைச்சருமானார். ஜூலை 19 இல் கொழும்பு நவரங்கஹலவில் அரசமைப்புப் பேரவை கூடியது. பிரித்தானிய முடிக்குக் கீழே தரப்பட்ட சோல்பரி அரசமைப்பைத் திருத்துவது அல்ல நோக்கம். அதை அறுத்துவிட்டு மக்களிடமிருந்து புதிதாகத் தொடங்குவது. கருத்தளவில் எனக்கு இதில் மறுப்பில்லை. பேரவைக்குத் தமிழரசுக் கட்சியும் போனது. கூட்டாட்சி வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது. தர்மலிங்கம் அதை முன்வைத்து வாதாடினார். தோற்றது. அதற்குப் பிறகும் அவர்கள் எழுந்து போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மொழி பற்றிய திருத்தமும் 1971 ஜூனில் தோற்ற பிறகுதான் வெளியேறினார்கள்.

1972 மே 22 இல் குடியரசு பிறந்தது. இரண்டாம் பிரிவு: இலங்கை ஒற்றையாட்சி அரசு. ஆறாம் பிரிவு: பௌத்தத்துக்கு முதன்மையான இடம். ஏழாம் பிரிவு: 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிங்களமே அரச கரும மொழி. எந்தச் சட்டம் நாட்டைப் பிளக்கும் என்று எச்சரித்தாரோ, அதை அவரே அரசமைப்பின் ஓர் உறுப்பாக ஏற்றிவைத்தார். சாதாரண பெரும்பான்மையால் நீக்கக்கூடியதாக இருந்த சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையின் காவல் கிடைத்தது. சட்டங்கள் சிங்களத்தில் இயற்றப்படும். தமிழில் மொழிபெயர்ப்பு இருக்கும்.

விட்டுப்போன ஒன்றும் உண்டு. சோல்பரி அரசமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டம் இயற்றக் கூடாது என்று சொன்னது. அதைப் புதிய அரசமைப்பு எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிரிவால் குடியுரிமைச் சட்டத்தையும் தடுக்க முடியவில்லை, மொழிச் சட்டத்தையும் தடுக்க முடியவில்லை, பிறகு அதனால் என்ன பயன் என்ற வாதம் இருந்தது. வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் கோடீஸ்வரன் வழக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த அந்த அரசாங்க எழுதுவினைஞர் 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். மொழிச் சட்டமே 29 க்கு முரண் என்றார் நீதிபதி. வழக்கு மேலே போய், 1969 இல் கோமறை மன்றத்திலிருந்து மறுபடி இங்கே திருப்பி அனுப்பப்பட்டது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு இறுதித் தீர்ப்பு வருவதற்கு முன் கோமறை மன்றத்துக்கான மேன்முறையீடும் போனது, 29 ஆம் பிரிவும் போனது. பல்லில்லாத பிரிவு என்று சொல்லப்பட்டது ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் ஒருமுறை கடித்திருக்கிறது.

கொல்வினின் தனிப்பட்ட நம்பிக்கை மாறிவிட்டதா? மாறவில்லை என்றுதான் தெரிகிறது. அன்று நீதி அமைச்சின் செயலாளராக இருந்த நிகால் ஜயவிக்ரம, கொல்வினின் முதல் வரைவில் ஒற்றையாட்சி என்ற சொல் இருக்கவில்லை என்றும் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவின் யோசனையால் அது நுழைந்தது என்றும் பின்னாளில் எழுதியிருக்கிறார். இறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், சிறுபான்மையினர் பாதுகாப்புப் பற்றிய ஓர் உரையில் கொல்வினே சொன்னார்: தான் மதச்சார்பற்ற அரசை நம்புகிறவன், ஆனால் அரசமைப்பை அமைச்சர் அல்ல, பேரவைதான் எழுதுகிறது. எனக்கு இதுதான் அவருடைய வாழ்க்கையிலேயே மிகவும் கலக்கம் தருகிற வாக்கியம். நம்பிக்கை இல்லாமல் எழுதியவரைவிட, நம்பிக்கையை உள்ளே வைத்துக்கொண்டு மற்றதை எழுதியவரை எப்படி எதிர்கொள்வது? அவர் பதவியை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அந்த அரசிலிருந்து வெளியேற்றப்பட்டபோதும் காரணம் மொழி அல்ல. கம்பனித் தோட்டங்களைத் தேசியமயமாக்கினால் அவை யாருடைய அமைச்சின் கீழ் வருவது என்ற இழுபறியும் முக்கியமான ஒரு காரணம். அதற்குச் சற்று முன்னர், 1973, 74 இல், அதே தோட்டங்களில் மலையகத் தமிழர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர்தான் அப்போது பெருந்தோட்ட அமைச்சர்.

பிரான்சில் இருக்கிற நம்மவர்களுக்கு மித்தரானின் பெயர் தெரியும். கொல்வின் தனிச் சிங்களத்தை எதிர்த்துப் பேசிய அதே 1956 இல், மித்தரான் கி மொலேயின் சோசலிச அரசில் நீதி அமைச்சர். அல்ஜீரியாவில் விசேட அதிகாரங்களுக்குச் சோசலிஸ்டுகளோடு கம்யூனிஸ்டுகளும் வாக்களித்தார்கள். அல்ஜீரியப் போராளிகள் பலர் அவர் அமைச்சராக இருந்த காலத்தில் கில்லட்டினுக்குப் போனார்கள். இருபத்தைந்து வருடங்கள் கழித்து, 1981 இல், அதே மித்தரான் ஜனாதிபதியாகி மரண தண்டனையை ஒழித்தார். ஒருவர் கெட்டதில் தொடங்கி நல்லதில் முடித்தார், மற்றவர் மறுபக்கம் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. இருவருக்கும் பொதுவானது வேறு. அல்ஜீரியருக்கு பிரெஞ்சு அமைச்சரவையைக் கவிழ்க்கும் வாக்குப்பலம் இருக்கவில்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் 116 ஆசன அரசைக் கவிழ்க்கும் பலம் இருக்கவில்லை. யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அவர்களுக்காகவே பேனை எழுதுகிறது. இடதுசாரிக்கும் இது பொருந்தும் என்பதுதான் நாங்கள் ஏற்க மறுக்கிற விசயம்.

1972 க்குப் பிறகு செல்வநாயகம் ஆசனத்தைத் துறந்து காங்கேசன்துறையில் இடைத்தேர்தலுக்குச் சவால் விட்டார். 1975 பெப்ரவரி வரை அரசு தேர்தலை வைக்கவில்லை. வைத்தபோது அவருக்கு எதிராக நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி.பொன்னம்பலம், நல்ல மனிதர், பெரிய தோல்வி. 1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம் இந்த அரசமைப்பையே தன் காரணங்களில் ஒன்றாக எழுதிக்கொண்டது. 1977 இல் சமசமாஜக் கட்சிக்கு நாடு முழுவதும் ஓர் ஆசனமும் இல்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் கொல்வினுக்குக் கிடைத்தது 58,531 வாக்கு. பெரும்பான்மையைத் திருப்திப்படுத்த எழுதிய அரசமைப்பு அந்தப் பெரும்பான்மையிடமிருந்தும் அவர்களுக்கு எதையும் வாங்கிக் கொடுக்கவில்லை.

அவருக்கு நியாயம் செய்ய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் சமசமாஜக் கட்சி அதிகாரப் பகிர்வின் பக்கம் திரும்பியது. 1987 இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தையும் மாகாண சபைகளையும் ஆதரித்தது. அன்றைக்கு தெற்கில் அப்படி ஆதரிப்பது உயிர் ஆபத்தான காரியம். ஒப்பந்தத்தை ஆதரித்த விஜய குமாரதுங்கவை 1988 பெப்ரவரியில் ஜேவிபியின் ஆயுதப் பிரிவு சுட்டுக் கொன்றது. இடதுசாரித் தொண்டர்கள் பலர் அப்படிப் போனார்கள். கொல்வின் 1989 பெப்ரவரி 27 இல் இறந்தார்.

எங்கள் ஊருக்கு அந்த அரசமைப்பு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல அதிக தூரம் போக வேண்டியதில்லை. ஓட்டமாவடியில் மஜ்மா நகர் மையவாடி இருக்கிறது. 2020 இல் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பிறந்து இருபது நாளான முஸ்லிம் சிசு ஒன்றையும் எரித்தார்கள். டிசெம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. 2021 பெப்ரவரியில் அனுமதி வந்து, முதலில் இரணைதீவு என்றார்கள். அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5 இல் முதல் ஜனாஸாக்கள் இங்கே வந்தன. அதற்குப் பிறகு மூவாயிரத்துக்கும் மேல். எல்லோரும் முஸ்லிம்கள் அல்லர்; இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்களும் அதே மணலில் இருக்கிறார்கள். அந்த ஆளும் கூட்டணியில் சமசமாஜக் கட்சியும் இருந்தது. அதன் தலைவர் திஸ்ஸ விதாரண வைரஸ் துறைப் பேராசிரியர். புதைக்கலாம் என்றே அவர் சொன்னார். அரசு கேட்கவில்லை, கட்சி அப்போது கூட்டணியை விட்டுப் போகவுமில்லை. 29 ஆம் பிரிவு இருந்திருந்தால் அந்த உடல்கள் எரிந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன், அது சட்டங்களைப் பற்றிய பிரிவு. ஆனால் எந்த மதம் முதன்மை என்று 1972 இல் எழுதிவைத்த நாட்டில், எந்த மதத்தின் மையத்து எப்படிப் போக வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பார்கள் என்பதும் எழுதப்பட்டுவிட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இப்போதைய அரசின் மையத்தில் இருப்பது ஜேவிபி. மாகாண சபைகளை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சி. 2005 இல் சுனாமிப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசிலிருந்து விலகிய கட்சி, அன்று விலகிய அமைச்சர்களில் அநுர குமார திசாநாயக்கவும் ஒருவர். வடக்கு கிழக்கு இணைப்பை 2006 இல் உயர் நீதிமன்றத்தில் பிரித்துவைத்த கட்சி. இன்றைக்கு அவர்களுடைய பேச்சு வேறு. அது நடிப்பு என்று நான் சொல்லவில்லை. கொல்வினுடைய பேச்சும் நடிப்பு அல்ல. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. இதை எழுதும்வரை தேர்தல் நடக்கவில்லை.

ஆகவே எங்கள் மாவட்டத்துக்கு வருகிற ஆளும் கட்சிக்காரர்களிடம் உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம். வரைவில் என்ன சொல் இருக்கிறது என்று கேட்கலாம். அவர்கள் தொடரப்போவதாகச் சொல்கிற வேலையின் இடைக்கால அறிக்கை 2017 செப்டெம்பர் 21 இல் வெளிவந்தது. அதைத் தயாரித்த வழிநடத்தல் குழுவில் அநுரவும் இருந்தார். சமசமாஜக் கட்சியிலிருந்து வந்த ஜயம்பதி விக்கிரமரத்ன அந்த வேலையின் முக்கியமான சட்ட மூளை. பௌத்தத்துக்கு முதன்மை என்பது அங்கேயும் இருந்தது. அரசின் தன்மையைச் சொல்லும் இடத்தில் சிங்களத்தில் 'ஏக்கிய இராஜ்ய' என்ற பழைய சொல்லே இருந்தது. தமிழில் ஒற்றையாட்சி என்பதை எடுத்துவிட்டு 'ஒருமித்த நாடு' என்று போட்டார்கள். தமிழ்த் தலைவர்கள் அந்தத் தமிழ்ச் சொல்லைக் காட்டித்தான் அன்று எங்களைச் சமாதானப்படுத்தினார்கள்.

இன்று நாடாளுமன்றம் நிறைவேற்றுகிற எந்தச் சட்டத்தையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் அங்கே இருக்கும்.